சிறுகதையில் எழுதாமல் விட்டதை எப்படி வாசிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிலர் கூடி, ஒரு சிறுகதையைச் சத்தமாக வாசித்துவிட்டுப் பேசுகிறோம். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், ஐ.டி.யில் வேலை பார்ப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், பிளஸ் ஒன் பிள்ளையை அழைத்து வரும் அம்மாக்கள் என்று பலரும் வருவார்கள். வாசித்து முடித்ததும் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "சரி, இதில் என்ன சொல்ல வருகிறார்?" "அந்தக் கதவு எதற்கு?" "அப்புறம் அவனுக்கு என்ன ஆச்சு?" அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சில கதைகளின் முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. முதல்முறை வாசிக்கும் அனுபவத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் கதையைப் படித்துவிட்டு வரலாம்.

குறியீடு என்றால் என்ன? அதுவும் உவமை மாதிரித்தானே?

உவமை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். 'போல', 'மாதிரி' என்று ஒரு சொல் இருக்கும். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை எழுத்தாளரே சொல்லிவிடுவார். குறியீட்டில் அந்த உதவி கிடையாது. ஒரு பொருள் கதைக்குள் வெறும் பொருளாகவே வந்து உட்கார்ந்திருக்கும். அதற்கு அன்றாட வேலை ஒன்று இருக்கும். கதை நகர நகர, அந்த மனிதர்களின் ஆசையும் பயமும் இழப்பும் அதன்மேல் வந்து ஏறிக்கொள்ளும்.

கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையைப் பாருங்கள். ஒரு ஏழை வீட்டுக் கதவு. குழந்தைகளுக்கு அதுதான் பஸ். ஏறி நின்று ஆட்டி, டிக்கெட் கொடுத்து, ஊருக்கெல்லாம் போய் வருகிறார்கள். தீர்வை (நிலவரி) பாக்கிக்காக ஒரு நாள் தலையாரி (கிராம ஊழியன்) வந்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறான். அதற்கப்புறம் வாடைக்காற்று நேராக வீட்டுக்குள் வருகிறது. பின்னொரு நாள் சாவடியில் சாத்திவைக்கப்பட்டிருக்கும் தங்கள் கதவைக் கண்டுபிடித்துக் குழந்தைகள் கட்டிக்கொள்கிறார்கள்.

கதவு அங்கே பாதுகாப்பா, மானமா, குழந்தைப் பருவமா? எதைச் சொன்னாலும் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அது முதலில் மரக்கதவு. குளிரைத் தடுக்கும் கதவு. அந்த நிஜத்தை உணராமல் "கதவு என்பது பாதுகாப்பின் குறியீடு" என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டால் கதையில் அடிக்கிற குளிர் நமக்கு உறைக்கவே உறைக்காது. எந்தக் குறியீட்டையும் முதலில் பொருளாகவே பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஊகம் என்பது வேறா? இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

வேறு. ஆனால் பக்கத்து வீடு. கதையில் நடந்தது என்ன, ஏன் நடந்தது, இவர் எப்படிப்பட்டவர் என்பதை எழுதப்பட்ட தடயங்களை வைத்து நாமே முடிவு செய்வது ஊகம். நடந்தவற்றுக்கெல்லாம் சேர்த்து என்ன அர்த்தம் என்ற கேள்வி வரும்போதுதான் குறியீடு உதவிக்கு வரும். ஆகவே ஊகம் முதலில், குறியீடு பிறகு. இந்த வரிசையை மாற்றினால் பெரும்பாலும் வாசிப்பு தடம் மாறிவிடும்.

புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய 'பொன்னகரம்' இரண்டு மூன்று பக்கக் கதை. அம்மாளு மில் கூலி. புருஷன் முருகேசன் குதிரை வண்டிக்காரன், அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சி வேண்டும், கையில் காசில்லை. இரவில் ஒரு சந்தின் இருட்டில் அவளும் ஒருவனும் மறைகிறார்கள். அடுத்து நமக்குத் தெரிவது, அவள் முக்கால் ரூபாய் சம்பாதித்துவிட்டாள் என்பது. இருட்டுக்கும் முக்கால் ரூபாய்க்கும் நடுவில் நடந்தது எழுதப்படவில்லை. ஆனாலும் வாசித்தவர்களில் யாருக்காவது சந்தேகம் வந்திருக்குமா? அதுதான் ஊகம். எழுதாமல் விட்டதால்தான் அது அவ்வளவு பலமாக இறங்குகிறது. அந்த இடைவெளியை நாமே கடக்க வேண்டியிருப்பதால், அம்மாளுவின் முடிவில் நமக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது.

தலைப்பைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகு. பொன்னகரம் என்று எதைச் சொல்கிறார், எந்தக் கோபத்தில் சொல்கிறார் என்பது முக்கால் ரூபாயைப் புரிந்துகொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஊகம் எங்கே முடிகிறது, நம் சொந்தக் கற்பனை எங்கே தொடங்குகிறது?

எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் பிடிக்கும் கேள்வி இது. இதற்காகவே ஒரு குட்டிக் கதை எழுதி வைத்திருக்கிறேன். இதோ:

*தெருமுனையில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. சாந்தா இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டாள். பச்சைக் குடம் மாடிப்படிக்கு அடியில் கவிழ்ந்தே இருந்தது. வரிசையில் நின்ற வசந்தி, "மூணாவது குடம் எங்கக்கா?" என்றாள். "இனிமே ரெண்டே போதும்டி" என்றாள் சாந்தா. வீட்டுக்கு வந்து குடங்களை இறக்கியதும், ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு பச்சைக் குடத்தைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு அதை அதே இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.*

இதில் நமக்கு நிச்சயமாகத் தெரிவது என்ன? வழக்கமாக மூன்று குடம் பிடிக்கும் வீடு. வசந்தி கேட்பதால் அது தெரிகிறது. இப்போது தண்ணீர்த் தேவை குறைந்திருக்கிறது. 'இனிமே' என்ற சொல், இது ஒரு நாள் இரண்டு நாள் விஷயம் இல்லை என்கிறது. அப்படியானால் வீட்டில் ஓர் ஆள் குறைந்திருக்க வேண்டும். இதுவரை பலமான ஊகம். எந்த இடத்திலும் விரலை வைத்து "இந்த வரி" என்று காட்ட முடிகிறது.

"மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள்" என்றார் ஒருவர். "மாமியார் இறந்துவிட்டார்" என்றார் இன்னொருவர். "மகன் துபாய் போயிருப்பான்" என்றும் ஒரு குரல் வந்தது. மூன்றும் நடக்கக்கூடியவை. ஆனால் கதையில் எதற்கும் வரி இல்லை. ஆள் குறைந்தது ஊகம், அந்த ஆள் மகள் என்பது கற்பனை. எல்லை இங்கேதான்.

கதையின் உயிர் இருப்பது அடுத்த செயலில். லாரித் தண்ணீருக்கு நிற்கும் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் சும்மா வருவதில்லை. அதைச் செலவழித்து, பயன்படுத்தப்போவதில்லை என்று தானே சொன்ன குடத்தை அவள் ஏன் கழுவ வேண்டும்? வாய் 'போதும்' என்கிறது, கை வேறொன்றைச் சொல்கிறது. பேச்சும் செயலும் இப்படிப் பிரியும் இடத்தில் நின்று பாருங்கள். அவளால் அந்தக் குறைவை இன்னும் ஏற்க முடியவில்லை, அல்லது திரும்பி வருவார்கள் என்று ஒரு மூலையில் நினைக்கிறாள். இந்த இரண்டில் எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்வேன். இரண்டுக்கும் அந்தச் சொம்புத் தண்ணீர் சாட்சி இருக்கிறது.

ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்: "சார், குடம் பச்சையாக இருப்பது செழிப்பைக் குறிக்குமா?" இல்லை என்றுதான் நினைக்கிறேன். பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். 'பச்சைக் குடம் யாருது' என்று கேட்டால் ஒரு கை உயரும். நிறம் இங்கே அந்தக் குடத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த மாணவி நிறத்தைக் கவனித்தாளே, அது நல்ல பழக்கம். கவனித்ததை எல்லாம் அர்த்தமாக்கிவிட வேண்டும் என்ற அவசரம்தான் வேண்டாம்.

அப்படியானால் ஒரு பொருள் குறியீடா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உறுதியான விதி எதுவும் இல்லை. சில அறிகுறிகள் உண்டு. அந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருகிறதா? தலைப்பில் இருக்கிறதா? கதை முடியும் இடத்தில் அது இருக்கிறதா? தேவைக்கு அதிகமாக அதை வர்ணிக்கிறாரா? யாராவது அதை அதன் இயல்பான வேலைக்கு மாறாகக் கையாளுகிறார்களா, அந்தப் பச்சைக் குடம் மாதிரி? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் நின்று யோசிக்கலாம்.

நான் அதிகம் நம்புவது வேறொரு சோதனையை. அந்தப் பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பாருங்கள். ஒரு பாத்திரம் காப்பி குடிப்பதற்குப் பதில் டீ குடித்தால் கதை மாறுமா? மாறாது என்றால் அது வெறும் காப்பி. 'கதவு' கதையில் கதவுக்குப் பதில் தலையாரி ஓர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால்? கதையே இல்லை. வாடைக்காற்று உள்ளே வராது, பஸ் ஓடாது.

தலைப்பு எவ்வளவு தூரம் உதவும்?

நல்ல எழுத்தாளர் கையில் நிறையவே உதவும். ஆனால் கதையை முடித்துவிட்டுத் தலைப்புக்குத் திரும்ப வேண்டும்.

ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்து பெரிய சர்ச்சையைக் கிளப்பிய கதை. மழை பெய்கிற மாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி, முன்பின் தெரியாதவனின் காரில் ஏறுகிறாள். சீரழிந்து வீடு திரும்புகிறாள். அம்மாவுக்கு விஷயம் தெரிகிறது. முதலில் அடிக்கிறாள், பதறுகிறாள். அப்புறம் மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள். கொட்டியது தண்ணீர் இல்லை, நெருப்பு என்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள்.

தலைப்பில் நெருப்பு, கதை முழுவதும் தண்ணீர். கதை மழையில் தொடங்குகிறது, திருப்பம் குடத்துத் தண்ணீரில் நிகழ்கிறது. சீதை தீக்குளித்த கதை நம் எல்லார் மனதிலும் இருப்பதால் தலைப்பைப் பார்த்ததுமே ஒரு தண்டனையை, ஒரு சோதனையை எதிர்பார்க்கிறோம். சீதையைத் தீக்குள் இறங்க வைத்தது, ஊருக்கு முன்னால் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்த கட்டாயம். இங்கே ஊருக்குத் தெரியாமல், வீட்டுக்குள், ஓர் அம்மா தண்ணீரை நெருப்பாக்கித் தருகிறாள். நிரூபிக்க எதுவும் இல்லை, கழுவிவிட்டால் போதும் என்கிறாள். பழைய குறியீட்டை எடுத்து அதன் அதிகாரத்தைப் புருஷனிடமிருந்தும் ஊரிடமிருந்தும் பிடுங்கி அம்மா கையில் கொடுத்துவிட்டார் என்பது என் வாசிப்பு. அந்தக் காலத்தில் வாசகர்கள் கொதித்ததற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கதையில் இன்னொரு சின்னப் பொருளும் உண்டு. காரில் அவன் கொடுத்த சூயிங்கம். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் மென்றுகொண்டிருப்பாள், அம்மா துப்பச் சொல்வாள். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. கதையைத் திரும்ப எடுத்து, அந்தச் சூயிங்கம் வரும் இடங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள்.

அம்மா அப்படிச் செய்யாமல் போயிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்ற கேள்வியை வைத்து ஜெயகாந்தனே பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது அதற்குக் கிடைத்தது. ஒரே ஒரு செயல் மாறினால் ஒரு வாழ்க்கை எந்தப் பக்கம் போகும் என்பதை எழுத்தாளரே ஊகித்துக் காட்டியிருக்கிறார் என்று இரண்டையும் சேர்த்து வாசிக்கலாம்.

எழுத்தாளர் இதையெல்லாம் நினைத்தா எழுதினார்? நாமாக ஏற்றிச் சொல்கிறோமோ?

நியாயமான சந்தேகம். எல்லாவற்றையும் திட்டம் போட்டு எழுதியிருக்க மாட்டார். எழுதும்போது ஒரு பொருள் தானாக வந்து உட்காரும், திருத்தும்போது அதை விட்டுவைத்திருப்பார். அவர் மனதுக்குள் புகுந்து பார்க்க நமக்கு வழியில்லை. ஆனால் அச்சில் இருக்கும் கதை நம் எல்லார் கையிலும் இருக்கிறது. "எழுத்தாளர் நினைத்தாரா" என்பதற்குப் பதில் "கதை இதைத் தாங்குமா" என்று கேட்டால் விவாதம் உருப்படியாகப் போகும். தாங்கும் என்றால் எந்த வரி தாங்குகிறது என்று காட்ட வேண்டியது சொல்கிறவரின் பொறுப்பு.

இந்த மாதிரி வாசிப்பே மேல்நாட்டிலிருந்து வந்ததுதானே?

சிறுகதை என்ற வடிவம் அங்கிருந்து வந்தது. குறிப்பால் உணர்த்துவதும், கேட்பவர் அதைப் பிடித்துக்கொள்வதும் நம்மிடம் மிகப் பழையது. தொல்காப்பியம் உள்ளுறை உவமம் (ஒரு காட்சிக்குள் ஒப்புமையை மறைத்துச் சொல்வது) என்றும் இறைச்சி (சொன்னதற்கு அப்பால் குறிப்பாகத் தோன்றும் பொருள்) என்றும் பெயர் வைத்தே பேசுகிறது. உள்ளுறைக்குத் தெய்வம் தவிர்த்த கருப்பொருள்களைத்தான் நிலைக்களமாகக் கொள்ள வேண்டும் என்ற வரையறைகூட இருக்கிறது. மரம், பறவை, மீன், விலங்கு என்று அந்த மண்ணில் இருப்பவற்றை வைத்துத்தான் சொல்ல வேண்டும், வானத்திலிருந்து எதையும் கொண்டு வரக் கூடாது.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது. ஐந்தே அடி. தலைவன் ரகசியமாகத் தலைவியோடு கூடினான், கல்யாணப் பேச்சு தள்ளிப் போகிறது. அவள் தோழியிடம் சொல்கிறாள்: அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஆமாம், ஒரு குருகும் (கொக்கு மாதிரி நீர்ப்பறவை) இருந்தது. தினையின் தாள் போன்ற சிறிய பசிய கால்களோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு.

அந்தக் குருகு எதற்கு? சாட்சி இருந்தது என்று சொல்லத் தொடங்குகிறாள். அடுத்த நொடியே அந்தச் சாட்சியின் கண் மீன்மேல் இருந்தது என்கிறாள். இருந்தும் இல்லாத சாட்சி. அதற்கு மேலும் ஒரு படி போகலாம். தன் இரையைத் தவிர வேறெதையும் பார்க்காத அந்தப் பறவையில், வந்த காரியம் முடிந்ததும் காணாமல் போன அந்த ஆளின் சாயல் தெரிகிறதா? அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது குற்றச்சாட்டாகியிருக்கும். பறவையின் கால் எவ்வளவு மெலிசு என்பதுவரை அவளுக்கு நினைவிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அந்த நேரத்தை அவள் எத்தனை முறை மனதில் ஓட்டிப் பார்த்திருப்பாள்!

இந்தப் பாட்டை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு எந்தச் சிறுகதையும் அந்நியம் இல்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

மழை என்றால் சோகம், காகம் என்றால் முன்னோர் என்று ஒரு பட்டியல் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் வாங்காதீர்கள். நம் வீட்டில் அமாவாசையன்று சோறு வைத்துக் கூப்பிடும் காகம் வேறு, கதையில் குப்பைத்தொட்டியைக் கிளறும் காகம் வேறு. மழையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மே மாதக் கதையில் மழை வந்தால் அது வரம். வடகிழக்குப் பருவமழையின் நடுவில், நவம்பரில், தாழ்வான தெருவில் இருக்கும் வீட்டுக் கதையில் மழை வந்தால் அது பயம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எந்த மாதம், எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்டால் கதையே பதில் சொல்லும்.

பழைய கதைகளில் அணா, டிராம் என்று வருகிறது. அது புரியாமல் ஊகம் எப்படிச் செய்வது?

கொஞ்சம் வீட்டுப்பாடம் தேவைதான். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்கு நான்கு காலணா. 1957இல் புதிய காசு வந்தது. சென்னையில் டிராம் 1953இல் நின்றுபோனது. இவ்வளவு தெரிந்தால் போதும், புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் முதல் பத்தி திறந்துகொள்ளும்.

பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேரும் இடத்தில் நின்றுகொண்டு கந்தசாமிப் பிள்ளை தீவிரமாக யோசிக்கிறார். டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை பாக்குப் போடலாம். பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றிக்கொண்டே சென்ட்ரலைத் தாண்டிவிட்டு டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி கிடைக்கும், ஆனால் வெற்றிலை இல்லை. கடவுள் வருவதற்கு முன்பே இது நடந்துவிடுகிறது.

இந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள். அவர் பட்டினி கிடக்கவில்லை, ஆனால் காலணாவுக்கு யோசிக்க வேண்டிய நிலை. சின்னத் திருட்டுத்தனம் அவருக்குப் பாவமாகப் படவில்லை, அது ஒரு வழிமுறை. வெற்றிலையா காப்பியா என்பதில் ஆசை அடங்கிவிடுகிறது. எங்கேயும் "கந்தசாமிப் பிள்ளை ஒரு நடுத்தர வர்க்கத்து மனிதர்" என்று எழுதப்படவில்லை. இப்படிப்பட்ட ஆளுக்கு முன்னால்தான் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். பழைய கதையில் பணம் வரும் இடமெல்லாம் நின்று கூட்டிக் கழித்துப் பாருங்கள். பாத்திரத்தின் குணம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

கதை சட்டென்று நின்றுவிடுகிறது. முடிவு புரியவில்லை என்றால்?

அசோகமித்திரன் கதைகளுக்கு இந்தப் புகார் அடிக்கடி வரும். 'புலிக்கலைஞன்' ஒரு சினிமா ஸ்டுடியோவில் நடக்கிறது. வேலை கேட்டு வரும் காதர் என்பவர் அலுவலக அறையிலேயே புலியாக மாறிக் காட்டுகிறார். பார்த்தவர்கள் உறைந்துபோகிறார்கள். வேஷம் கலைந்ததும் அதே மனிதர் வாய்ப்புக்காகக் கெஞ்சுகிறார். பிறகு அவரைக் கூப்பிட்டுக் கடிதம் போடுகிறார்கள். கடிதம் திரும்பி வந்துவிடுகிறது.

"அவருக்கு என்ன ஆச்சு?" என்று எல்லாரும் கேட்பார்கள். கதையில் பதில் இல்லை. ஊகிக்கவும் போதுமான தடயம் இல்லை. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்: கதையைச் சொல்கிறவருக்கு இது ஏன் மறக்கவில்லை? இத்தனை பெரிய கலை ஒரு மேஜைக்கு முன்னால் நடந்தது, அதை வைத்துக்கொள்ள அந்த அலுவலகத்தில் இடமில்லை. இடம் கிடைத்தபோது ஆள் இல்லை. சொல்கிறவர் அதே அலுவலகத்துக்காரர். அந்தச் சங்கடம் கதை முழுக்க ஓடுகிறது, ஒரு வரியில்கூட அவர் அழவில்லை. இப்படி வாசித்தால் முடிவு சரியான இடத்தில்தான் இருக்கிறது.

மௌனி கதைகள் எதுவுமே பிடிபடவில்லை. என்ன செய்ய?

விட்டுவிடுங்கள், பிறகு திரும்பி வாருங்கள். 'அழியாச்சுடர்' கதையில் வரும் யாளிச் சிலைக்கு நேரான அர்த்தம் சொல்ல முயன்றால் கையில் ஒன்றும் நிற்காது. அந்தக் கோயிலின் இருட்டு உங்களுக்குள் இறங்கினால் முதல் வாசிப்புக்கு அது போதும்.

என் மகன் பிளஸ் ஒன். தேர்வில் "குறியீட்டை விளக்குக" என்று கேட்டால் எப்படி எழுதுவது?

அம்மாக்கள் கவலையோடு கேட்பதால் நேராகவே சொல்கிறேன். முதலில் தான் நினைப்பதை ஒரு வாக்கியத்தில் எழுதட்டும். உடனே கதையிலிருந்து ஒரு சொல்லையோ செயலையோ எடுத்துக் காட்டட்டும். பிறகு அந்தச் செயலிலிருந்து இந்த முடிவுக்கு எப்படி வந்தான் என்று விளக்கட்டும். பெரும்பாலான பிள்ளைகள் விட்டுவிடுவது இந்த மூன்றாவதைத்தான்.

உதாரணமாக, அந்தக் குடத்துக் கதைக்கு இப்படி எழுதலாம்: "சாந்தா வீட்டில் குறைந்துபோன ஒருவரின் இடமாகப் பச்சைக் குடம் நிற்கிறது. 'இனிமே ரெண்டே போதும்' என்று சொன்ன பிறகும் அவள் அதைக் கழுவி வைக்கிறாள். தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் வீட்டில், பயன்படாத குடத்துக்குத் தண்ணீர் செலவழிப்பது, அந்த இடத்தை அவள் இன்னும் காலி செய்யவில்லை என்பதைக் காட்டுகிறது." இவ்வளவுதான். "ஆசிரியர் மிக அழகாகக் கூறியுள்ளார்" என்ற வரியை எழுதும் நேரத்தில் இன்னொரு தடயத்தைச் சேர்க்கலாம்.

வீட்டில் கோனார் நோட்ஸ் இருக்கும். இருக்கட்டும். ஆனால் கதையை இரண்டு முறை வாசித்த பிறகு அதைத் திறக்கச் சொல்லுங்கள்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் யார் சொல்வது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். இரண்டும் தவறாகவும் இருக்கலாம். கதையின் எத்தனை வரிகளை ஒரு வாசிப்பு தன்னோடு சேர்த்துக்கொள்கிறது என்று பார்ப்போம். தனக்கு எதிராக இருக்கும் வரியை மறைத்துவிட்டுப் பேசும் வாசிப்பு பலவீனமானது. எங்கள் கூட்டத்தில் வயதில் மூத்தவர் சொன்னாலும் சரி, பேராசிரியர் சொன்னாலும் சரி, யாராவது ஒருவர் "ஐயா, எந்த வரி?" என்று கேட்பார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு முறை பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் காட்டிய ஒரே வரியில் அரைமணி நேர வாதம் திசை மாறியது. அன்று எல்லாருக்குமே சந்தோஷம்.

எந்தக் கதையில் தொடங்கலாம்? சென்னையில் எங்கே கிடைக்கும்?

முதலில் 'கதவு'. அடுத்து 'பொன்னகரம்'. பிறகு தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு'. ரயிலில் ஒரு சிறுவன், ஓர் ஆரஞ்சுப் பழம், வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்குப் போகும் ஒரு சிறுமி. அந்தப் பழம் பயணத்தில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதை மட்டும் பின்தொடருங்கள். மௌனி கடைசியில்.

எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும், 2010இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகத்திலும் தமிழ்ச் சிறுகதைத் தொகுப்புகளைத் தேடலாம். புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. சொந்தமாக வாங்க நினைப்பவர்கள் ஜனவரி புத்தகக் கண்காட்சிவரை காத்திருந்தால் கழிவு கிடைக்கும். நூலகப் புத்தகத்தில் கோடு போடாதீர்கள். ஒரு தாளில் பக்க எண்ணையும் கண்ணில் பட்ட பொருளையும் குறித்துக்கொண்டு வாருங்கள், மொட்டைமாடியில் பேசலாம்.